தானாகப் பிடித்த பிரேக்

பிரபு, நான் சொல்லச் சொல்ல இதை உன் தங்கை நிவேதா எழுதுகிறாள். நான் பேனா பிடித்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கைக் கட்டைவிரல் ஸ்பேனரைப் பிடித்தால் சொன்னபடி கேட்கிறது, பேனாவைப் பிடித்தால் நடுங்குகிறது. நான் பேசுவதை அப்படியே எழுதாதே, படிக்கிற மாதிரி எழுது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பத்தாவதோடு நின்றுவிட்டவள் என்றாலும் அவளுக்கு எழுத்து நன்றாக வரும். வாயைத் திறக்கத்தான் கூச்சம், கைக்குக் கூச்சம் இல்லை. மத்தியானம் உன் அப்பா சாப்பிட்டு வெளியே போனதும் உட்காருகிறோம், இன்றோடு மூன்றாவது நாள். முதல் இரண்டு நாள் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வேறு எங்கெங்கோ போயிருந்தது. களைப்பாக இருக்கிறது, படுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் உன் கல்யாணத்துக்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். பத்திரிகைக் கட்டோடு சேர்த்து, நீ இருக்கிற ஓசூருக்கு அனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய பேர், அவர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

போன மாதம் முசிறியில் உன் நிச்சயதார்த்தம் நடந்தது. பெண் வீட்டு மாடியில் பந்தி போட்டிருந்தார்கள். நீயும் அபிராமியும் நடுவில், நான் உங்களுக்கு எதிர்வரிசையில். உன் அப்பா இருபது வருடமாகக் கல்யாணச் சமையல் கோஷ்டியில் வேலை பார்க்கிறவர். அடுத்தவர் சமைத்துப் பரிமாறுகிற பந்தியில் உட்கார்ந்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. ரசம் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "எங்க பிரபுகிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க. எட்டாவது படிக்கறப்ப மேம்பாலத்துல கியர் சைக்கிள்லேருந்து விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டான். எப்படிடா விழுந்தேன்னா, பிரேக் தானா பிடிச்சுதுங்கறான். அன்னையிலேருந்து எங்க வீட்ல எது நடந்தாலும் இதான் பேச்சு. பால் பொங்கிருச்சா, அடுப்பு தானா எரிஞ்சுது. மார்க் கொறஞ்சுதா, பேனா தானா எழுதுச்சு." மாடியே சிரித்தது. பெண்ணின் தாய்மாமாவுக்குப் புரையேறி யாரோ தலையில் தட்டினார்கள். அப்போது அபிராமிதான் மெதுவாகக் கேட்டாள். "அப்புறம் சைக்கிள்ல என்ன கோளாறுன்னு பாத்தீங்களா மாமா?" உன் அப்பா விடவில்லை. "அதுல என்னம்மா கோளாறு, ஓட்டுனவன்தான் கோளாறு" என்றார். மறுபடியும் சிரிப்பு. நீயும் சிரித்தாய். மோர் வருவதற்குள் இலையை மூடிவிட்டுக் கை கழுவ எழுந்து போனாய். அபிராமி நீ போவதைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இலையில் இருந்த ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிமூன்று வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள். அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அப்போது நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தப் பெரிய கடையில் மூன்றாவது மாடியில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். போர்வை, தலையணை, அதைத் தாண்டி பொம்மைகள், அதையும் தாண்டி மூலையில் சைக்கிள்கள். கியர் சைக்கிள், ஷாக் வைத்த சைக்கிள், பட்டை பட்டையாகப் பல் வைத்த டயர், மேலே புலி, மின்னல் என்று ஸ்டிக்கர். அவை கடைக்கு முழு சைக்கிளாக வராது என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. அட்டைப் பெட்டியில் பாதி பூட்டி வரும். முன் சக்கரம், ஹேண்டில் பார், பெடல், சீட் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். அதைப் பூட்டுவதற்கென்று மெக்கானிக் கிடையாது. போர்வை மடிக்கிற நாங்கள்தான் பூட்டுவோம். சூப்பர்வைசர் ஒரே ஒரு தடவை செய்து காட்டினார். பெட்டிக்குள்ளேயே தகரத்தில் வெட்டிய மாதிரி ஒரு ஸ்பேனர் இருக்கும், அதை வைத்துத்தான் எல்லாம். நான் ஒரு சமயம் பிரேக்கைச் சரிசெய்து கொண்டு நேரமாக்கியபோது அவர் வந்து நின்று சொன்னார். "அக்கா, இதெல்லாம் ஓட்டறதுக்கு இல்ல, வாங்கறதுக்கு. பொறந்த நாளைக்கு வாங்குவாங்க, நாலு நாள் ஓட்டுவாங்க, அப்புறம் மாடியில இது மேல துணி காயும். சீக்கிரம் முடிங்க." நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு சீக்கிரமாகவே முடிக்கக் கற்றுக்கொண்டேன்.

இதில் ஒரு விஷயத்தை நீ புரிந்துகொள்ள வேண்டும், பொறுமையாகப் படி. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிற இரட்டைக் கால் இருக்கிறதே, அதற்கு போர்க் என்று பெயர். பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அதைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து அனுப்புவார்கள். பூட்டுகிறவர் முதலில் அதை முன்பக்கம் திருப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் ஹேண்டில் பாரை மாட்ட வேண்டும். திருப்பாமல் மாட்டினாலும் சைக்கிள் சைக்கிள் மாதிரிதான் இருக்கும். சக்கரம் சுற்றும், பெல் அடிக்கும். முன் பிரேக் போர்க்குக்கு முன்னால் இருப்பதற்குப் பதில் அதன் பின்னால் இருக்கும், அவ்வளவுதான். பழகாத கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முன் பிரேக்கின் கேபிள் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் நீளம் போதாமல் விறைப்பாக நிற்கும்.

உன் சைக்கிளைத் தீபாவளிக்கு முந்தின நாள் பூட்டினேன். பெட்டி ஓரத்தில் கிழிந்திருந்ததால் அதை விலை குறைத்துக் கடை ஆட்களுக்குக் கொடுத்தார்கள். நீலக் கலர். எனக்குப் பின்னால் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், ஒரு குழந்தை என் புடவையைப் பிடித்து இழுத்து எப்போ வரும் எப்போ வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று எத்தனை பூட்டினேன் என்று எனக்கே தெரியாது. நீ ஸ்கூல் விட்டு நேராகக் கடைக்கு வந்து அதை எடுத்துக்கொண்டு போனாய். நான் பின்னால் பஸ்ஸில் வந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் உன்னைத் தாண்டியது. நீ ஒரு கையை விட்டுவிட்டு எனக்குக் கையாட்டினாய். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ரெண்டு கையாலயும் பிடிடா என்று கத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் உங்க பையனா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. அந்தப் பாலத்தின் மேல் நீ ஓட்டிக்கொண்டு போனது நான் போர்க்கைத் திருப்பாமல் பூட்டிய சைக்கிள்.

ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் மெதுவாகத்தான் ஓட்ட முடியும். அப்புறம் ஒரு சனிக்கிழமை ரயில்வே மேம்பாலத்திலிருந்து இறங்கி இடப்பக்கம் திரும்புகிற இடத்தில் விழுந்தாய். டீக்கடைக்காரர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். உதடு கிழிந்து, முன்பல் பாதி போய், இடது கை மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே நீ சொன்ன முதல் வார்த்தை அதுதான். "நான் பிடிக்கலம்மா. பிரேக் தானா பிடிச்சுது." நான் உன்னைக் கன்னத்தில் அடித்தேன். அது உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, எனக்கு இருக்கிறது. ரத்தம் என் விரலில் ஒட்டியது. பயத்தில் அடித்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை, பொய் சொல்கிறாய் என்றுதான் அடித்தேன். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும்போதும் அதையே சொன்னாய். உன் அப்பா, "ஆமாண்டா, பிரேக்குக்கு உசுரு வந்துருச்சு" என்றார். கட்டுப் போடுகிறவரும் சிரித்தார். அன்று ஆரம்பித்த சிரிப்புதான் முசிறி மாடி வரைக்கும் வந்தது.

நாலு நாள் கழித்து டீக்கடையிலிருந்து சைக்கிளை எடுத்து வந்தேன். ஹேண்டில் பார் கோணியிருந்தது, அதை நிமிர்த்தலாம் என்று மாடிப்படிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ஹேண்டில் பாரை நேராக்க இடப்பக்கம் திருப்பினேன். சக்கரம் நின்றது. என் கை பிரேக்கில் இல்லை. நேராக்கிச் சுற்றிவிட்டு மறுபடி திருப்பினேன். மறுபடியும் நின்றது. திருப்பும்போது கேபிள் முறுக்கிக்கொண்டு பிரேக்கை இழுக்கிறது. குனிந்து பார்த்தேன். போர்க் பின்பக்கமாக இருந்தது. அந்தப் படிக்கட்டுக்கும் நீ படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நீ யாரிடமோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாய், பல் உடைந்ததால் வார்த்தை சரியாக வரவில்லை. எழுந்து வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பத்து அடி தூரம். நான் ஸ்பேனரை எடுத்து போர்க்கைத் திருப்பி, கேபிளை மாற்றி, எல்லாவற்றையும் சரியாகப் பூட்டிவிட்டு, கையைக் கழுவிவிட்டு உனக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் உன் அப்பா கடைக்குப் போய்ச் சத்தம் போட்டிருப்பார், பூட்டியது யார் என்று கேட்டிருப்பார்கள், என் வேலை போயிருக்கும். இது உண்மைதான். ஆனால் இதைக் காரணமாக உன் முன்னால் வைக்க மாட்டேன். உன்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருக்கலாமே. அடித்த கையோடு எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் போனது. கட்டுப் பிரித்ததும் சொல்லலாம் என்று ஒரு மாதம் போனது. அதற்குள் அது வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாக ஆகிவிட்டது, எல்லோரும் சந்தோஷமாகச் சிரிக்கிற ஒன்றைக் கெடுப்பானேன் என்று தோன்றியது. வருடம் ஆக ஆக, இனிமேல் சொன்னால் ஏன் முன்பே சொல்லவில்லை என்கிற கேள்விதான் பெரிதாக இருக்கும் என்று பயந்தேன். தவறு செய்ததைவிட அதை மூடி வைத்ததுதான் என்னைக் களைத்துப் போக வைத்தது.

உன் சைக்கிளைத் திருப்பிப் பூட்டிய மறுநாளே கடைக்குப் போய் அந்த மூலையில் நின்ற சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலு சைக்கிள் அதே மாதிரி போர்க் திருப்பாமல் நின்றன. நாலும் நான் பூட்டியவை. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் திருப்பிப் பூட்டினேன். விற்றுப் போனவற்றை என்ன செய்வது? அதற்குப் பிறகு என் கண் தெருவில் போகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தைத்தான் பார்த்தது. வடக்கு உத்திர வீதியில் ஒரு பையனை நிறுத்தி, கொஞ்சம் இறங்கு கண்ணா என்று சொல்லி நடுத்தெருவிலேயே உட்கார்ந்து திருப்பிக் கொடுத்தேன். மேலூர்ப் பக்கம் ஒரு பெண் குழந்தையின் சைக்கிளைத் தொட்டபோது அவள் அம்மா ஓடிவந்து, "எங்க வீட்டு சைக்கிளைத் தொடறதுக்கு நீங்க யாருங்க" என்று கேட்டார். நான் யார் என்று சொல்லவில்லை. ஆனாலும் விடாமல் அந்தத் தெருவில் தினமும் நின்று, நாலாவது நாள் அவரே கொண்டுவந்து கொடுக்கும்படி செய்தேன். இப்படித்தான் நான் சைக்கிள் சரிசெய்கிறவள் ஆனேன். ஊரில் எல்லோரும் எனக்கு அதில் ஆசை என்று நினைக்கிறார்கள். உன் அப்பா டாக்டரம்மா என்று கூப்பிடுவார். நீ பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் கேட்டாய், "ஏம்மா தெருவுல போற சைக்கிளையெல்லாம் இப்படிப் பாக்குற?" உன் குரலில் கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டாய். அது எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம். சும்மாதான் என்று சொல்லிவிட்டேன்.

முழங்கால் போய்க் கடையை விட்டு நின்ற பிறகு இதுவே வேலையாகிவிட்டது. மாடியில் துணி காய்கிற சைக்கிள்களை எல்லாம் இங்கே கொண்டுவருகிறார்கள். நிவேதா போனில் வீடியோ பார்த்துப் பார்த்து என்னைவிட அதிகமாகத் தெரிந்துகொண்டுவிட்டாள். இந்த மட்டமான சைக்கிள்களில் எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதைக் கழற்றி எறிய வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பேரிங்கில் கிரீஸே இருக்காது, அதை முதலில் பிரித்துக் கிரீஸ் வைப்போம். பிளாஸ்டிக் பிரேக் பிடியை எடுத்துவிட்டு இரும்பில் போடுவோம், நல்ல பிரேக் கட்டை, புதுக் கேபிள். குதிப்பதற்குத் தவிர வேறு ஒன்றுக்கும் உதவாத ஷாக்கை எடுத்துவிட்டு நேரான போர்க் மாட்டுவோம். முன்னால் இருக்கிற மூன்று பல்சக்கரத்தில் இரண்டைக் கழற்றிவிடுவாள். பல் வைத்த டயருக்குப் பதில் வழவழப்பான டயர். ரிம்மில் கோட்டம் எடுப்பது மட்டும் இன்னும் என் வேலை. "மலை ஏறற சைக்கிள்னு எழுதியிருக்காங்கம்மா, மலைக்கோட்டை வாசல் வரைக்கும்கூடப் போவாது" என்பாள். அவள் பேசுவதே குறைவு, பேசினால் இப்படித்தான் பேசுவாள். வேலை முடிந்ததும் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்வாள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ஹேண்டில் பாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். நான் செய்வதைப் பார்த்துச் செய்கிறாள். எதற்கு என்று அவளுக்கு முந்தாநாள் வரை தெரியாது. முந்தாநாள் இதை எழுத ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. அப்போது பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். கால் மணி நேரம் கழித்து வந்து உட்கார்ந்து, சொல்லு என்றாள்.

நீ பாலிடெக்னிக் படிக்கும்போது ஹாஸ்டலில் ஜன்னல் கண்ணாடி உடைந்த விஷயத்துக்கு வருகிறேன். நீ உடைக்கவில்லை, உன் பேரில் எழுதிவிட்டார்கள், இரண்டு வாரம் வெளியே அனுப்பினார்கள். அந்த இரண்டு வாரமும் நீ வையம்பட்டியில் உன் நண்பன் வீட்டில் தங்கியிருந்தாய், நாங்கள் நீ ஹாஸ்டலில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு வருடம் கழித்து அந்தப் பையனின் அம்மாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. உங்க பையன் தோட்டத்துல தண்ணியெல்லாம் பாய்ச்சுனான், நல்ல பையன் என்று அவர் சொன்னபோது தெரிந்த மாதிரி தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து நான் சொன்னதும், ஏண்டா எங்களிடம் சொல்லவில்லை என்று உன் அப்பா கத்தினார். நீ கோபப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய், "சொன்னா நம்பவா போறீங்க." உன் அப்பாவுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். பதிமூன்று வயதில் நீ ஒரு உண்மையைச் சொன்னாய், வாயில் ரத்தத்தோடு சொன்னாய், அதற்கு அடியும் சிரிப்பும் கிடைத்தது. அதற்குப் பிறகு நீ இந்த வீட்டில் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாய். பைக் ஓட்டக் கற்றுக்கொள்ளடா என்று எத்தனை பேர் சொல்லியும் நீ கேட்கவில்லை. எனக்கு வராது, நான் விழுந்துடுவேன் என்பாய். உனக்கே உன்மேல் சந்தேகம் வந்துவிட்டது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவேளை நான்தான் பிடித்திருப்பேனோ என்று நீ எத்தனை தடவை நினைத்திருப்பாய்.

இதை எழுத வேண்டாம் என்று நிவேதா சொல்கிறாள், எழுது என்று சொல்கிறேன். அவள் ஒன்பதாவது படிக்கும்போது, வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் குரல் வரமாட்டேன் என்கிறது, வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை என்று வந்து சொன்னாள். உன் அப்பா அதே பேச்சைப் பேசினார். "ஏன், வாயும் தானா பிரேக் பிடிச்சிருச்சா?" நான் அடுப்படியில் இருந்தேன். வெளியே வரவில்லை. அடுத்த வருடம் பரீட்சை எழுதினாள், அதோடு போகவில்லை என்றாள், ஏன் என்று சொல்லவில்லை. நானும் தோண்டிக் கேட்கவில்லை. ஒரு சைக்கிளின் போர்க்கை நான் திருப்பாமல் விட்டது எத்தனை பேர் மேல் போய் விழுந்திருக்கிறது பார்.

உன் அப்பாவிடம் நேற்றுக் காலையில் சொன்னேன். ஒரு கல்யாண வேலை முடித்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்து கேளுங்க என்றேன். உட்கார்ந்துதானே இருக்கேன் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "அவனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். எழுந்து மாடிப்படிக்கு அடியில் போனார். அங்கே சரிசெய்ய வந்திருந்த ஒரு சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஹேண்டில் பாரைத் திருப்பிப் பார்த்தார். அது நிற்காமல் சுற்றியது. இன்னொரு முறை சுற்றிவிட்டார். "அந்தப் பொண்ணு கேட்டுச்சு" என்றார். "மொதல்ல அவனுக்குச் சொல்லு. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன்கிட்டப் பேசறது." இப்போது ஒரு நாளாக வீட்டில் வேடிக்கைப் பேச்சே இல்லை. உன் கல்யாணத்தில் அவர் அந்தக் கதையைச் சொல்ல மாட்டார், அதற்கு நான் பொறுப்பு. யாராவது ஞாபகப்படுத்திக் கேட்டால், நடந்ததை நடந்தபடி எழுந்து நின்று நானே சொல்வேன்.

அம்மா என்கிற முறையில் கல்யாணத்துக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது சைக்கிள்தான். புதிதாகப் பூட்டிய சைக்கிள் ஒரு மாதத்தில் எல்லா இடத்திலும் தளரும். அதில் பயப்பட ஒன்றும் இல்லை, உட்கார்ந்து ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். கோபத்தில் முறுக்கினால் மரை போய்விடும், அதற்கப்புறம் அந்த ஓட்டையில் எதுவும் நிற்காது. மட்டமான பொருள் என்று எதையும் தள்ளாதே, நம் வீட்டுக்கு வந்ததெல்லாம் மட்டமான பொருள்தான், ஓட்டத்தான் செய்தோம். இன்னொன்று. அபிராமி ஏதாவது ஒன்று தானாக நடந்தது என்று சொன்னால், அது எவ்வளவு நம்ப முடியாததாக இருந்தாலும், சிரிப்பதற்கு முன்னால் போய்ச் சக்கரத்தைத் தூக்கித் திருப்பிப் பார். அவள் உனக்கு அதைச் செய்வாள். நிச்சயதார்த்தத்தன்றே செய்துவிட்டாள்.

உன் நீல சைக்கிள் இன்னும் இருக்கிறது. சட்டத்தைத் தவிர அதில் எதுவும் பழையது இல்லை, ஒவ்வொன்றாக மாற்றிவிட்டோம். நிவேதா அதில்தான் டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறாள், அதே மேம்பாலத்தில் இறங்குகிறாள். நீ வந்து ஓட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டு, கல்யாணத்தில் நான் முன்னால் நிற்க வேண்டாம் என்று நீ சொன்னால் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். போன் பண்ண வேண்டாம் என்று தோன்றினால் பண்ணாதே. உன்னிடம் மன்னிப்பு வாங்குவதற்காக இதை எழுதவில்லை. நீ யார் முன்னாலும் இனிமேல் அந்தச் சிரிப்பைச் சிரிக்க வேண்டியதில்லை, அதற்காகத்தான் எழுதினேன்.

நிவேதாவிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டேன். இனி வருவது என் கையெழுத்து. கோணலாகத்தான் இருக்கும்.

நீ பிரேக்கைத் தொடவில்லை. அது தானாகத்தான் பிடித்தது. அந்த சைக்கிளைப் பூட்டியது நான்.

அம்மா